128 கேட்டால் 512 கொடுத்த கடையும் என் புது ஹேமரும்

வணக்கம் மக்களே. முகம் வீங்கியிருக்கிறது என்று கமென்ட் போட வேண்டாம், எனக்கே தெரியும். நேற்று நைட் டியூட்டி, முடிந்த கையோடு ரவுண்ட்ஸ், அப்புறம் மெஸ்ஸில் மிச்சமிருந்த எலுமிச்சை சாதம். போன வீடியோவில் அதை அவ்வளவு திட்டியும் அதே சாதம்தான் தட்டில் விழுந்தது. இந்நேரம் நான் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் இதை உங்களிடம் காட்டாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

இதோ. தெரிகிறதா? ஃபோகஸ் ஆகு, ஆகு... ஆங். வட்டத் தலை, சுற்றிலும் ரப்பர், நீளமான கைப்பிடி. குவீன் ஸ்கொயர் ஹேமர், முட்டியில் தட்டிக் கால் தானாக உதைக்கிறதா என்று பார்க்கிற டாக்டர் சுத்தியல். என் சொந்தக் காசில் வாங்கியது.

பழைய ஆட்களுக்குத் தெரியும், இதுவரை என்னிடம் இருந்தது முக்கோண ரப்பர் வைத்த டெய்லர் ஹேமர். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. எடையே கிடையாது, குட்டியூண்டு கைப்பிடி, முட்டியில் தட்டினால் கால் அசைவதற்குப் பதிலாகப் பேஷன்ட் "என்னம்மா பண்றே" என்று நிமிர்ந்து பார்ப்பார். 1888-இல் அமெரிக்காவில் டெய்லர் என்ற டாக்டர் செய்தது. முட்டியைத் தட்டினால் கால் உதைக்கும் என்பதையே அதற்கு 13 வருடம் முன்னால்தான் ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தார்கள், அதனால் அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். மரியாதை உண்டு. பிடிக்காது, அவ்வளவுதான்.

இது அப்படியில்லை. லண்டனில் குவீன் ஸ்கொயர் என்ற இடத்தில் இருக்கும் நரம்பியல் மருத்துவமனையில் விண்டில் என்று ஒரு சிஸ்டர், பித்தளைச் சக்கரம், ரப்பர் வளையம், மூங்கில் குச்சி, இவ்வளவையும் சேர்த்துத் தன் கையாலேயே செய்து, புதிதாக வரும் டாக்டர்களுக்கு விற்றிருக்கிறார். 1920-கள். சிஸ்டர் செய்து டாக்டருக்கு விற்ற சாமான் என்பதாலேயே எனக்கு இது கூடுதலாகப் பிடிக்கும். இதில் அடிக்கவே வேண்டாம், மணிக்கட்டைத் தளர விட்டால் தலை தன் எடையிலேயே போய் விழும்.

சரி, விலை. ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில் ஒரு சர்ஜிக்கல் கடை, பெயர் சொல்ல மாட்டேன், நாளைக்கும் அங்கேதான் கையுறை வாங்கியாக வேண்டும். ஹேமர் 480 என்றார். "அண்ணா, ஸ்டைபெண்டே இன்னும் வரல" என்றேன். 450-க்கு வந்தார். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே வெளியே வந்திருக்கலாம். "128 ட்யூனிங் ஃபோர்க் இருக்கா?" என்று கேட்டேன் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது. தட்டினால் அதிரும் இரண்டு கிளைக் கம்பி அது, 128 என்பது நொடிக்கு எத்தனை தரம் அதிரும் என்ற கணக்கு.

இருக்கிறது என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். 300 ரூபாய். ஹாஸ்டலுக்கு வந்து தட்டி, என் கணுக்கால் எலும்பில் வைத்தேன். லேசாக ஒரு கிர்ர், அவ்வளவுதான், நின்றுவிட்டது. எனக்கு ஒரு நிமிடம் கை கால் விறைத்துப் போய்விட்டது, 23 வயதில் நமக்கு அதிர்வு உணர்வு போய்விட்டதா, சர்க்கரையா, பி12 குறைவா, என்ன என்னவோ ஓடுகிறது. மெடிக்கல் படித்தால் இந்த வியாதி இலவசம். அப்புறம் தண்டைத் திருப்பிப் பார்த்தால் 512 என்று பொறித்திருக்கிறது!

திரும்பப் போனேன். "எல்லாம் ஒண்ணுதான்மா, தட்டினா சத்தம் வருதா இல்லையா?" என்கிறார். அண்ணா, 512 காதுக்கு, எனக்குக் காலுக்கு வேண்டும். 128 மெதுவாக அதிரும், ரொம்ப நேரம் நிற்கும், முனைகளில் இரண்டு கட்டை எடை வைத்திருப்பார்கள், கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தால் பேஷன்ட்டுக்குத் தெளிவாகத் தெரியும். சர்க்கரை வியாதி நரம்பைத் தொடும்போது பெரும்பாலும் பாதத்தில்தான் முதலில் தெரியும், இதை வைத்துத்தான் நாங்கள் பார்ப்போம். இவ்வளவையும் நின்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் சுகர் இருக்கு, பாரேன்" என்று செருப்பைக் கழற்றிவிட்டார்! கடையிலேயே பார்த்தேன். கட்டைவிரலில் அவருக்குத் தெரியவே இல்லை, கணுக்காலில்தான் தெரிந்தது. ஓபிக்கு வாருங்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்று சொன்னேன். அவ்வளவு பார்த்த பிறகும் 128-க்குக் கூடுதலாக 60 ரூபாய் வாங்கிக்கொண்டார். 60 ரூபாய் மக்களே! கன்சல்டேஷன் பண்ணியது நான்!

சரி, விட்டுவிட்டேன். விடவில்லை, ஆனாலும் மேலே போவோம்.

போன வீடியோவுக்குக் கீழே ஏகப்பட்ட பேர் ஒரே கேள்வி. "சிஸ், நரம்புத் தளர்ச்சிக்கு என்ன மருந்து?" இந்த வார்த்தையை யாராவது ஒழித்துக்கட்டினால் நான் பால் பாயசம் வைக்கிறேன். சுவரெல்லாம் இதுதான், பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் நோட்டீஸிலும் இதுதான். கை நடுங்கினாலும் நரம்புத் தளர்ச்சி, பயத்தில் நெஞ்சு படபடத்தாலும் அதுவே, தூக்கம் இல்லையென்றாலும் அதுவே, கல்யாணமான பையன் கூச்சப்பட்டால்கூட அதுவே. நரம்பு என்ன கொடித் துணியா, தளர்ந்து தொங்க?

கை நடுக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஹேமரே வேண்டாம், பார்த்தாலே பாதி தெரியும். கையை மடியில் சும்மா வைக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது விரல்கள் மாத்திரை உருட்டுவது மாதிரி ஆடி, ஏதாவது எடுக்கப் போனால் குறைகிறதா, பார்க்கின்சன் பக்கம் யோசிக்க வேண்டும். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் எழுதியபோதே இதைச் சொல்லிவிட்டார். கையை முன்னால் நீட்டினால்தான் ஆடுகிறதா, அது பரம்பரையாக வரும் நடுக்கமாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், பதற்றமாக இருக்கலாம், ஆஸ்துமா மாத்திரையாகக்கூட இருக்கலாம். என் விரலைத் தொடு, உன் மூக்கைத் தொடு என்று சொல்லும்போது விரல் இலக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடுகிறதா, சிறுமூளை. மூன்றுக்கும் மூன்று வழி. சுவரில் போன் நம்பர் போட்டவரிடம் மூன்றுக்கும் ஒரே லேகியம்.

இப்போது இந்த வாரத்து விஷயம். ஆள் அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன், சில விவரங்களை மாற்றியும் வைத்திருக்கிறேன். ஒரு பெண், சின்ன வயது. திடீரென்று இடது கால் வரவில்லை. தரையில் இழுத்துக்கொண்டு வருகிறாள். ஸ்கேன் நார்மல். கூட வந்த பெரியம்மா என் காதில், "அவ நடிக்கிறா பாப்பா, பரீட்சை வருதுல்ல" என்றார். அதைவிட எனக்கு எரிச்சல் வந்தது, எங்கள் ஆள் ஒருவரே கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

நான் புது ஹேமரோடு போனேன். முட்டி, கணுக்கால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது. காலை மடக்கி நீட்டிப் பார்த்தால் தசையின் இறுக்கமும் சரியாக இருக்கிறது. பலத்துக்கு 0-விலிருந்து 5 வரை மார்க் போடுவோம், 5 என்றால் முழு பலம், 3 என்றால் புவியீர்ப்பை மட்டும் எதிர்த்துத் தூக்குகிறது, 0 என்றால் துடிப்பே இல்லை. அவள் இடுப்புக்கு என்ன போடுவதென்றே தெரியவில்லை, ஒரு தரம் 1, ஒரு தரம் 3.

அப்போது எங்கள் சார் வந்து, "ஹூவர் பார்த்தியா?" என்றார். பரீட்சைக்குப் படித்ததோடு சரி. 1908-இல் ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதியது. நீங்களே இப்போது கட்டிலில் மல்லாக்கப் படுத்துப் பாருங்கள். வலது காலை நேராக மேலே தூக்கினால், இடது குதிகால் உங்களைக் கேட்காமலே மெத்தையை அழுத்தும். உடம்பு பேலன்ஸுக்காகத் தானாகச் செய்வது. நான் அவளுடைய இடது குதிகாலுக்கு அடியில் கையை வைத்தேன். "என் கையை அழுத்தும்மா." ஒன்றுமே இல்லை, அவளுக்கு வியர்க்கிறது, அவ்வளவு முயற்சி பண்ணுகிறாள். "சரி, அதை விடு, வலது காலைத் தூக்கு, நான் அமுக்குவேன், விடாதே." தூக்கினாள். இடது குதிகால் என் விரல்களைப் படுக்கையோடு சேர்த்து நசுக்கியது. வலித்தது, நிஜமாகவே! நான் சந்தோஷத்தில் "ஆ" என்று கத்திவிட்டேன், பக்கத்துக் கட்டில் தாத்தா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இதைப் பார்த்ததும், பிடித்துவிட்டோம், நடிப்பு, என்று நினைக்கிறீர்களா? நானும் ஒரு விநாடி அப்படித்தான் நினைத்தேன். சார் முறைத்தார். அதற்குப் பெயர் ஃபங்ஷனல் வீக்னெஸ். நரம்பு அறுந்து போகவில்லை, தசை நன்றாக இருக்கிறது, ஆனால் காலைப் பற்றி நினைத்து அசைக்கப் போனால் அந்தக் கட்டளை போய்ச் சேரவில்லை, கவனம் வேறு பக்கம் போனால் சேர்ந்துவிடுகிறது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. முன்பெல்லாம் இதை மறைத்து வைத்து, ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போ என்பார்கள். எடின்பரோவில் ஜான் ஸ்டோன் என்ற நரம்பியல் டாக்டர் போன்றவர்கள் சொல்வது, இந்த அறிகுறியைப் பேஷன்ட்டுக்கே காட்டு, கால் வேலை செய்யும் என்பதற்கு இதுதான் ஆதாரம் என்று சொல். சார் அதைத்தான் செய்தார். பெரியம்மாவின் கையை எடுத்து அந்தக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். பெரியம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பெண் அழுதாள், "நான் பொய் சொல்லலைன்னு இவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். இப்போது பிசியோவுக்குப் போகிறாள், கூடவே மனநலப் பிரிவிலும் பார்க்கிறார்கள்.

உடனே வீட்டில் யாருக்காவது கால் வரவில்லையென்றால் ஹூவர் பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடாதீர்கள், தயவுசெய்து. இடுப்பு வலி இருந்தாலே இது ஏமாற்றும். வாய் கோணினாலோ, கை கால் திடீரென்று விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ நேராக ஆஸ்பத்திரி. அது பக்கவாதமாக இருக்கலாம், மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம், அதில் முக்கால் மணி நேரத்தைப் பக்கத்து வீட்டு ஆலோசனைக்குக் கொடுக்காதீர்கள்.

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன், பின்னால் போகிறேன். அவளுக்குப் பாதத்தையும் கீறிப் பார்த்தேன், அதுதான் முக்கியம். இந்த ஹேமர் கைப்பிடியின் முனை கூராக இருப்பதே அதற்குத்தான், இதற்கு முன்பு நான் ஹாஸ்டல் ரூம் சாவியில்தான் கீறுவேன். குதிகாலிலிருந்து வெளி ஓரமாக மேலே போய், விரல்களுக்குக் கீழே உள்பக்கம் வளைக்க வேண்டும். கட்டைவிரல் கீழே மடங்கினால் நல்லது. மேலே எழும்பினால் மூளையிலோ தண்டுவடத்திலோ அசைவுக் கட்டளை போகும் பாதை அடிபட்டிருக்கிறது. இதை எழுதியது பாபின்ஸ்கி என்ற டாக்டர், பாரிஸ், 1896, மொத்தமே 28 வரிக் குறிப்பு. ஹிஸ்டீரியாவில் பேர் வாங்கிய சார்கோ என்ற நரம்பியல் டாக்டரின் மாணவர். நிஜமான பக்கவாதத்தையும் ஹிஸ்டீரியா என்று ஒதுக்கியதையும் எப்படிப் பிரிப்பது என்று தேடிய ஆள், அவளுக்கு நாங்கள் கேட்ட அதே கேள்வி. அவளுக்குக் கீழேதான் மடங்கியது. என் அக்கா பையனுக்கு மேலே போகும், அவனுக்கு எட்டு மாதம், அந்த வயதில் அது நார்மல், ஆனாலும் அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்த பெண் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், தூங்கவில்லை, யாரோ வருகிறார்கள் என்கிறாள். வீட்டில் பேய் என்பார்கள், கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். சில நாளில் வாய் தானாக மெல்ல ஆரம்பிக்கும், வலிப்பு வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை செல்கள் செய்தி வாங்கும் என்எம்டிஏ ரிசப்டரைத் தாக்குகிற வியாதி, 2007-இல்தான் டால்மாவ் என்ற நரம்பியல் டாக்டரின் குழு இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது, சிலருக்குச் சினைப்பையில் கட்டி இருக்கும், அதை எடுத்து மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் தேறி வருகிறார்கள். அதனால்தான் மனநல டாக்டர் பையிலும் ஹேமர் இருக்க வேண்டும் என்று நான் சண்டை போடுகிறேன்.

அப்புறம் அந்தப் பாட்டி! சொல்லாமல் விட்டால் எப்படி. குழப்பமாக இருக்கிறார் என்று அனுப்பியிருந்தார்கள். புத்தகத்தில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல் என்று இருக்கும், அது கணக்கு வாத்தியாருக்கே வராது. நான் கிழமையைப் பின்னாலிருந்து சொல்லுங்கள் பாட்டி என்றேன். சனி, வெள்ளி, வியாழன் என்று மடமடவென்று முடித்துவிட்டு, "இப்ப நீ மாசத்தைச் சொல்லு, பங்குனியிலேர்ந்து" என்றார். நான் மார்கழியில் மாட்டிக்கொண்டேன். பாட்டிக்குக் குழப்பமெல்லாம் இல்லை, காது கேட்கவில்லை. அதற்குத்தான் அந்த 512 உதவியது. ஆமாம், அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்கவில்லை, திட்டாதீர்கள்.

அடுத்த வீடியோ 12 மண்டை நரம்புகள். முதல் நரம்பு மோப்பம், அதற்குக் காபித் தூள்தான் நல்லது, ஸ்பிரிட் மாதிரி எரிச்சலான வாசனை வைத்தால் முகத்தின் தொடு உணர்வைப் பார்க்கும் ஐந்தாவது நரம்பு பதில் சொல்லிவிடும். காபித் தூள் என்றதும் ஞாபகம் வருகிறது, கதவைத் தட்டுவது ரூம்மேட்தான், அவள் ஃபில்டர் காபித் தூள் டப்பா மூன்று நாளாக என் கோட் பாக்கெட்டில் இருக்கிறது. வருகிறேன்டி, வருகிறேன்.