காயம் வேறு, குறை வேறு: பேயோடு மோதும் பெண்களை நமக்கு ஏன் பிடிக்கிறது

[காட்சி: வங்கி மேசை. ஒரு பக்கம் கடன் அதிகாரி, எதிரே ஓர் இளம்பெண்.]

அம்மா இறந்துவிட்டார். தங்கையை வளர்க்க வேண்டும். வீட்டின் அடித்தளத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் நிற்கிறது. வேலையும் இல்லாத அவளுக்குக் கடன் தர முடியாது என்கிறார் அதிகாரி. அந்த நேரம் பார்த்து ஓர் அரக்கன் வங்கிக்குள் புகுந்து எல்லாவற்றையும் உடைக்கிறான். அவள் எழுந்து அவனோடு மோதுகிறாள். அதிகாரி உயிர் பிழைக்கிறார். கடன் மட்டும் கிடைக்கவில்லை.

இது ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணைப் பற்றிய 'பஃபி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஆறாவது சீசன், 2001. உலகத்தைப் பலமுறை காப்பாற்றியவளுக்குக் குழாய் ரிப்பேருக்குக் காசில்லை. அர்பன் ஃபேன்டஸி என்ற வகை என்னவென்று யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

பேய்க்குப் புளியமரம்தான் விலாசம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கதைகளில் அது நகரத்துக்குக் குடிவந்துவிடுகிறது. அதோடு மோதுகிறவளும் அதே நகரத்தில் வாடகை கட்டுகிறாள். 1993-ல் அறிமுகமான நாவல் நாயகி அனிதா பிளேக்குக்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் பிணங்களை எழுப்புவதே சம்பள வேலை. உயிலில் தகராறா? செத்தவரையே எழுப்பிக் கேட்டுவிடலாம்!

சரி, தலைப்பில் சொன்ன குறைக்கு வருவோம்.

கல்யாணத் தரகர் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "பொண்ணுக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனா மனசு தங்கம்." இந்த வகையில் வரும் பாதி நாயகிகளுக்கு இருப்பது இந்தத் தரகர் குறைதான். நடக்கும்போது தடுக்கி விழுவாள், வாய் கொஞ்சம் நீளம், சமைக்கத் தெரியாது. இதனால் கதையில் யாருக்கும் ஒரு நஷ்டமும் வராது. எழுதியவருக்கே அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொரு பக்கம், சோகமான கடந்த காலம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், பாத்திரத்துக்கு ஆழம் வந்துவிட்டது என்று நினைப்பவர்களும் உண்டு. அது காயம். காயம் அவளுக்கு நேர்ந்தது. குறை என்பது அந்தக் காயத்தை வைத்துக்கொண்டு அவள் அடுத்தவருக்குச் செய்வது.

[காட்சி: நியூயார்க், இரவு. உடைந்த கண்ணாடிக் கதவில் துப்பறியும் அலுவலகப் பெயர்ப்பலகை.]

2015-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரின் நாயகி, துப்பறிவாளர் ஜெசிகா ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் மனதை ஆட்டிவைக்கும் கில்கிரேவ் என்பவனின் கட்டுப்பாட்டில் இருந்தபோது, அவன் சொன்னான் என்று ஒரு பெண்ணைக் கொல்கிறாள். அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. ஆனால் செத்தவளின் கணவன் லூக் கேஜோடு பின்னால் அவள் நெருங்கிப் பழகுகிறாள். உன் மனைவியைக் கொன்றது நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. எந்த மாயமும் அவள் வாயைக் கட்டவில்லை, அவளேதான் மூடிக்கொண்டாள். அவள் குடிப்பழக்கத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த மௌனம்தான் அந்த சீசனின் முதுகெலும்பு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு இப்போது வருகிறேன். ஆக்டோபர் டே, சுருக்கமாக டோபி. ஷானன் மக்வயர் எழுதும் தொடர், முதல் நாவல் 2009-ல் வந்தது. இடம் சான் பிரான்சிஸ்கோ. டோபி பாதி மனுஷி, பாதி மாய இனம். துப்பறிவதுதான் தொழில். 1995-ல் ஒருவனைப் பின்தொடர்ந்து கோல்டன் கேட் பூங்காவுக்குள் போகிறாள். அவன் அவளை மீனாக்கிவிடுகிறான். அங்கே இருக்கும் ஜப்பானியத் தோட்டத்துக் குளத்தில் பதினான்கு வருஷம் வண்ணமீனாக நீந்திக்கொண்டிருக்கிறாள்.

கேட்கும்போது சிரிப்பு வரலாம். எனக்கும் வந்தது. அப்புறம் அவள் கரையேறி வருகிறாள்.

வீட்டில் அவள் கட்டிக்கொள்ள இருந்தவனும் அவர்கள் பெற்ற பெண் குழந்தையும் இருந்தார்கள். அவன் மனிதன், குழந்தையும் கிட்டத்தட்ட மனிதப் பிறவிதான். மாய உலகம் ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவர்களைப் பொறுத்தவரை இவள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவள். மகள் வளர்ந்துவிட்டாள், அம்மா முகத்தில் விழிக்க அவளுக்கு இஷ்டமில்லை. "நான் மீனாக இருந்தேன்" என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

இதுவரைக்கும் காயம். இதற்குப் பிறகு டோபி செய்வதைப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிஃப்டில் பில் போடப் போகிறாள். தன்மேல் அக்கறை உள்ளவர்களையும் தள்ளியே வைக்கிறாள். தனக்கு நெருங்கியவர்களுக்குத் தன்னால் கெடுதல்தான் என்று அவளே தீர்ப்பும் எழுதிவிட்டாள். தெரிந்தவள் ஒருத்தி கொலையாகும்போது பேசிய கடைசி வார்த்தைகள் போனில் பதிவாகி, டோபியின் காதுக்கு வந்து சேர்கின்றன. அந்தப் பேச்சிலேயே ஒரு சாபமும் இருக்கிறது, டோபி கொலைகாரனைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று. அந்தச் சாபம் இல்லாவிட்டால் அவள் அந்த பில் மேசையை விட்டு எழுந்தே இருக்க மாட்டாள்.

விசாரணையில் அடிபடுகிறாள், ரத்தம் சிந்துகிறாள். அப்போதும் உதவி கேட்க நாக்கு எழாது. பல இடங்களில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "ஒரு போன் பண்ணித் தொலையேன்டி" என்று கத்தத் தோன்றும். வீம்பு பிடித்த ஒரு அக்கா எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறாள் இல்லையா? அவளிடம் வரும் அதே எரிச்சல். அதற்காக அக்காவை யாரும் கைவிட்டுவிடுவதில்லை, அடுத்த புத்தகத்தையும் எடுத்துத்தான் தீர வேண்டியிருக்கிறது.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். கையில் பாட்டிலும், கலைந்த குடும்பமுமாக அலையும் ஆண் துப்பறிவாளனை வாசகர்கள் பல தலைமுறையாக ரசித்துவருகிறார்கள். அதையே ஒரு பெண் செய்தால் "எனக்கு இவளைப் பிடிக்கவில்லை" என்று உடனே ஒரு குரல் கேட்கும். பிடிக்காமல் போகட்டுமே. ஜெசிகா தன்னைப் பிடிக்க வைக்க ஒரு சிரிப்புகூடச் செலவழிப்பதில்லை.

[காட்சி: பழையபடி அந்த வங்கிப் பெண். இப்போது பர்கர் கடைச் சீருடையில்.]

மறுபடி பஃபி. ஐந்தாம் சீசன் முடிவில் அவள் செத்துப்போகிறாள். நரகத்தில் கிடந்து தவிப்பாள் என்று நினைத்துத் தோழர்கள் மந்திரம் போட்டு எழுப்பிவிடுகிறார்கள். அவள் இருந்தது சொர்க்கத்தில். அவர்கள் மனசு நோகும் என்று அதை மறைக்கிறாள். முதலில் சொல்வது ஸ்பைக்கிடம், அவன் ஒரு ரத்தக்காட்டேரி. தன்னைக் காதலிக்கும் அவனோடு ரகசியமாக உறவு வைத்துக்கொண்டு, தன்மேல் உள்ள வெறுப்பையெல்லாம் அவன்மேல் இறக்குகிறாள். ஒரு காட்சியில் அவன் முகம் சிதையும்வரை அடிக்கிறாள்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு இந்த சீசன் பிடிக்கவே இல்லை. என் பஃபி இப்படிச் செய்ய மாட்டாள் என்று கோபப்பட்டுப் பாதியில் நிறுத்திவிட்டேன். பல வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். பர்கர் கடையில் ஒரு கோமாளித் தொப்பியை மாட்டிக்கொண்டு ஆர்டர் எடுக்கிறாள். ராத்திரி கல்லறைக்குக் காவல் போக வேண்டும். அந்தக் குழாய்க்கு யாராவது பணம் கட்ட வேண்டுமே.