மெயில் அட்டாச்மென்ட் வேறு ப்ரோகிராமில் ஏன் திறப்பதில்லை? நேயர் கேள்விக்கு விளக்கம்

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அவுட்லுக் என்ற மெயில் ப்ரோகிராமில் வரும் அட்டாச்மென்டை கிளிக் செய்து, வேர்டில் திருத்தி, சேவ் செய்கிறேன். மறுநாள் மெயிலைத் திறந்தால் பழையபடியே இருக்கிறது. வேறு ப்ரோகிராமுக்குள் போய்த் தேடினால் அந்த ஃபைலே இல்லை. கம்ப்யூட்டரில் கோளாறா?"

கோளாறு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். மெயிலில் தெரியும் அட்டாச்மென்ட் இன்னும் தனி ஃபைல் ஆகவில்லை, அவ்வளவுதான். மெயில் என்பது முதலில் வெறும் எழுத்துகளை அனுப்புவதற்காக வந்தது. 1992இல் வெளியான மைம் என்ற முறைதான் படம், ஆவணம் எல்லாவற்றையும் எழுத்துகளாக மாற்றி மெயிலுக்குள்ளேயே வைத்து அனுப்ப வழி செய்தது. இன்றும் அப்படித்தான் வருகிறது.

நீங்கள் கிளிக் செய்ததும் அவுட்லுக் ஒரு நகல் எடுத்து, நம் கண்ணில் படாத தற்காலிக ஃபோல்டரில் போட்டு, அதைத்தான் வேர்டிடம் கொடுக்கிறது. நீங்கள் சேவ் செய்ததெல்லாம் அந்த நகலில் போய்ச் சேருகிறது. அந்த ஃபோல்டர் எப்போது காலியாகும் என்று நம்ப முடியாது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்த திருத்தத்தை நானும் இப்படி இழந்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: முதலில் டவுன்லோட் செய்து, உங்களுக்குத் தெரிந்த ஃபோல்டரில் வையுங்கள். அப்புறம் எந்த ப்ரோகிராம் வேண்டுமோ அதைத் திறந்து, 'ஓப்பன்' அல்லது 'இம்போர்ட்' வழியாக உள்ளே எடுங்கள். மெயிலிலிருந்து நேராக இழுத்துப் போடுவது சில ப்ரோகிராம்களில் நடக்கும், பலவற்றில் நடக்காது. அதை நம்பி வேலை செய்ய வேண்டாம்.

சரி, சேவ் செய்த பிறகும் திறக்கவில்லை என்றால்? விண்டோஸ், வெளியிலிருந்து வந்த ஃபைலுக்கு ஓர் அடையாளம் போட்டு வைக்கும். வேர்டில் மஞ்சள் பட்டை காட்டித் திருத்தவிடாமல் நிற்பது அதனால்தான். அனுப்பியவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும், அந்த ஃபைலை எதிர்பார்த்தும் இருந்தீர்கள் என்றால் மட்டும், அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்டீஸ்' போய் 'அன்பிளாக்' கொடுங்கள். இதில் அவசரமே கூடாது.

சிலருக்கு 'வின்மெயில்.டாட்' (winmail.dat) என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் வரும், எதிலும் திறக்காது. அனுப்பியவரின் அவுட்லுக் 'ரிச் டெக்ஸ்ட்' வடிவத்தில் மொத்தத்தையும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறது, உங்கள் மெயிலுக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் பக்கம் மணிக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டாம். மெயிலை 'எச்டிஎம்எல்' வடிவத்துக்கு மாற்றி மறுபடி அனுப்பச் சொன்னால் போதும்.

ஐபோன் படம் 'எச்இஐசி' என்ற வடிவத்தில் வந்து திறக்காவிட்டால், ஜேபெக் வடிவத்தில் கேட்டு வாங்குங்கள். பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய ஜிப் ஃபைலை முழுக்கப் பிரித்த பிறகே உள்ளே இருப்பதைத் தொடுங்கள்.

தமிழில் பெயர்ப் பட்டியல் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்து எழுதிய பட்டியல்) டபுள் கிளிக் செய்தால் எக்செலில் தமிழ் முழுக்கப் புரியாத குறிகளாகத் தெரியலாம். பட்டியல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அந்தக் கோலத்திலேயே சேவ் செய்துவிடாதீர்கள், அப்போதுதான் உண்மையிலேயே கெடும். வெற்று எக்செலைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக எடுத்து, எழுத்துமுறையில் 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஃபைல் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறை) இருந்தால் தமிழ் சரியாக வந்துவிடும்.

கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. திருத்திய ஆவணம் இன்னும் வேர்டில் திறந்தே இருந்தால் உடனே 'சேவ் அஸ்' கொடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள். மூடிவிட்டீர்கள் என்றால், வேர்டின் 'ரீசன்ட்' பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தற்காலிக நகல் அழியாமல் இருந்தால் அங்கிருந்தே திறக்கும்.