திரைக்கு எது, கரும்பலகைக்கு எது?

எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிகளுக்குப் புரொஜெக்டரும் ஸ்மார்ட் போர்டும் வந்தாயிற்று. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் இன்றைய பேச்சு. நான் பார்த்த பல வகுப்புகளில் புத்தகத்துப் பத்தி அப்படியே ஸ்லைடில் ஏறியிருக்கிறது. ஆசிரியர் அதைப் பார்த்து வாசிக்கிறார், பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள். இதற்குப் புத்தகமே போதுமே, கரண்ட் எதற்கு?

பழியை ஆசிரியர் மேல் மட்டும் போட முடியாது. 1987-இல் மேக்கின்டாஷ் கணினிக்கு, ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளான பவர்பாயிண்ட் வந்தபோது, அலுவலகக் கூட்டங்களில் ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாள்களைத் தயாரிப்பதுதான் அதன் வேலை. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு அதை வாங்கியது. புது ஸ்லைடைச் சேர்த்ததும் மேலே தலைப்பு, கீழே புள்ளி வைத்த வரிகள் என்று வருகிறதே, அது அந்தக் கூட்டங்களுக்குப் பொருந்திய அமைப்பு. நாமோ ஒளிச்சேர்க்கையையும் சிப்பாய்ப் புரட்சியையும் அதற்குள்ளேயே அடைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடைத்தால் என்ன ஆகும்? 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயமில்லை என்கிற தொனியில் இருந்தது. கடைசி வரிகளில், சின்ன எழுத்தில், மோதிய துண்டு 1,920 கன அங்குலம், சோதனை செய்து பார்த்ததோ வெறும் 3 கன அங்குலம் என்று இருந்தது. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்தார்கள். ஸ்லைடால்தான் விபத்து என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு அந்த ஸ்லைடையே தன் அறிக்கையில் எடுத்துப் போட்டு, முறையான அறிக்கைக்குப் பதில் ஸ்லைடுகளை நம்பும் பழக்கத்தைக் கண்டித்தது. நாசா அதிகாரிகளே கடைசி வரியைக் கோட்டைவிடும்போது, கடைசி பெஞ்சுப் பையன் என்ன செய்வான்?

கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல காலமாக இதை ஆராய்ந்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் நன்றாகப் புரிகிறது. அதே விளக்கத்தைத் திரையிலும் எழுத்தாகப் போட்டால் புரிதல் குறைகிறது. கண் வரியைப் படிப்பதா, படத்தைப் பார்ப்பதா என்று அல்லாடுகிறது. கலைச்சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லைக் கண்ணால் பார்ப்பது அவசியம்.

பத்தாம் வகுப்பு இதயப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் பெயர் எதுவும் குறிக்காத இதயத்தின் வெட்டுத் தோற்றம் மட்டும் இருக்கட்டும். 'கீழே இரண்டு அறைகள் இருக்கின்றன, எதன் சுவர் தடிமன்?' என்று கேளுங்கள். திரையில் வலப்பக்கம் தெரிவது, அதாவது இதயத்தின் இடது பக்கம் என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். ரத்தம் எங்கே போகிறது என்ற யோசனை அங்கேதான் பிறக்கும். வலது வெண்ட்ரிக்கிள், அதாவது வலது கீழறை, பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், இடது வெண்ட்ரிக்கிள் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும் என்று யாராவது ஒருத்தி சொன்ன பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வரவழையுங்கள். எழுத்து சுழன்று பறந்து வரும் வித்தைகள் வேண்டாம், வந்து நின்றால் சரி.

கணக்குக்கு இது பொருந்தாது. வடிவியல் படங்களைத் திரையில் காட்டலாம். ஆனால் ஒரு தேற்றத்தின் நிரூபணத்தைச் சாக்பீஸால் எழுதுங்கள். நீங்கள் எழுதும் வேகத்தில்தான் பிள்ளையும் யோசிக்க முடியும். ஸ்லைடில் ஏழு வரியும் ஒரே தட்டில் வந்து விழுந்தால், மூன்றாவது வரி எப்படி வந்தது என்று கேட்க வாய் வராது.

அப்புறம் நம் தமிழ் எழுத்துரு விவகாரம். வீட்டில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்து, பள்ளிக் கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடியுங்கள், கையோடு ஒரு பிடிஎஃப் நகலும் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் எழுத்தைச் சிறிதாக்கத் தோன்றும். எழுத்தைக் குறைக்காதீர்கள், சொற்களைக் குறையுங்கள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து லேப்டாப்பில் தெரியும், டியூப்லைட் எரியும் வகுப்பில் தெரியாது. முந்தைய நாளே கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்லைடு ஓடும்போது விசைப்பலகையில் 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகும், மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். விவாதம் சூடுபிடிக்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். எல்லாக் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

சரி, பேச்சு போதும். லேப்டாப் கொண்டுவந்தவர்கள் அடுத்த வாரப் பாடத்தின் கோப்பைத் திறங்கள். வாயால் சொல்லக்கூடிய வரிகளையெல்லாம் அழித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பாருங்கள். யாருடையதை முதலில் திரையில் போடலாம்?