உப்பை எந்தப் படகில் வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் கொலராடோ ஆற்றில் படகுப் பயணம் போவதற்கு எப்படித் திட்டமிடுவது என்று பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். படகைத் தூக்கி எறியும் அலைகளைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மளிகைப் பட்டியலைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் குழுவில் என் தலையில் விழுந்த பொறுப்பு அது.

அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில் லீஸ் ஃபெரி என்ற இடத்தில் ரப்பர் படகை ஆற்றில் இறக்கினால், லாரி வந்து நிற்கக்கூடிய அடுத்த கரை டயமண்ட் கிரீக். இடையே 226 மைல். கிட்டத்தட்ட 364 கிலோமீட்டர். இரு பக்கமும் பாறைச் சுவர். வழியில் 88ஆவது மைல் அருகே ஃபான்டம் ராஞ்ச் என்ற விடுதி இருக்கிறது. குழுவிலிருந்து ஒருவர் பாதியில் விலகவோ புதிதாகச் சேரவோ வேண்டுமானால் அங்கிருந்து மேலேறும் நடைபாதைதான் கதி. அங்குள்ள சிறிய கேன்டீனில் எலுமிச்சைச் சாறு கிடைக்கும், அஞ்சலட்டை கிடைக்கும்; ஒரு படி அரிசி கிடைக்காது. கைபேசிக்குச் சிக்னலும் இல்லை. வீட்டில் மறந்து வைத்தது வீட்டிலேயேதான் இருக்கும்.

முதலில் அனுமதி. வழிகாட்டி நிறுவனங்களுக்குப் பணம் கட்டினால் அவர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். நாமே துடுப்புப் போட்டுப் போவதென்றால் தேசியப் பூங்காத் துறை நடத்தும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். முன்பு வரிசைப் பட்டியல் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. 2006க்குப் பிறகு குலுக்கல் முறை வந்தது. அடுத்த ஆண்டுக்கான பெரிய குலுக்கல் பிப்ரவரியில் நடக்கும். அண்மையில் போய்வந்தவர்களுக்கு வாய்ப்புக் குறைவு, போகாதவர்களுக்கு அதிகம். குழுவில் 16 பேருக்கு மேல் கூடாது. கோடையில் டயமண்ட் கிரீக் வரை 16 நாள் அவகாசம். இப்படிப்பட்ட ஆற்றில் படகு ஓட்டிப் பழகியவர் ஒருவராவது கூட இருக்க வேண்டும். எங்களோடு வந்த அப்படிப்பட்டவர் அதிகம் பேசாத மனிதர். மூட்டை கட்டும்போது மட்டும் வாயைத் திறந்து, "கவிழும் என்று நினைத்தே கட்டு" என்றார்.

16 பேர், 16 நாள், ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் குடிநீர் மட்டும் ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடுகிறது. அதைச் சுமக்க முடியாது. எனவே ஆற்றைத்தான் குடிக்க வேண்டும். கொலராடோ என்றால் ஸ்பானிய மொழியில் செந்நிறமானது. லீஸ் ஃபெரிக்கு மேலே இருக்கும் கிளன் கேன்யன் அணை 1963இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கியதிலிருந்து வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. ஆறு பெரும்பாலும் பச்சையாக வருகிறது. ஆனால் பக்கத்து ஓடை ஒன்றில் மழை பெய்தால் போதும், பழைய பெயருக்குத் திரும்பிவிடும். வடிகட்டி பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். அப்போது கை கொடுப்பது படிகாரம். இரவில் வாளி நிறைய மொண்டு, படிகாரத் தூளைப் போட்டுக் கலக்கிவிட்டுப் படுத்தால், காலையில் அடியில் நாலு விரல்கடை செஞ்சேறு, மேலே தெளிந்த நீர். அதை அலுங்காமல் இறுத்து வடிகட்ட வேண்டும். எங்கள் பாட்டி தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துச் செய்ததும் இதே வேலைதான்.

அதே ஆற்றில்தான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பது பூங்கா விதி. நம்மவர்களுக்கு இது நெஞ்சை உறுத்தும். முதல் நாள் எனக்கும் உறுத்தியது. மழையற்ற மணலில் விட்டால் நாற்றம் அங்கேயே தங்கிவிடும், ஆறு கரைத்துக்கொண்டு போய்விடும் என்பது கணக்கு. மற்றது கரையாது. அதை இரும்புப் பெட்டியில் அடைத்துக் கடைசிவரை கூடவே கொண்டுபோக வேண்டும். முற்காலத்தில் ராணுவத் தோட்டாப் பெட்டியின் மீது நேரடியாக உட்கார்ந்து எழுந்தால் தொடையில் இரண்டு கோடு பதியுமாம். அந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் குரூவ்; அதனால் பெட்டிக்கு இன்றும் குரூவர் என்று பெயர். இப்போது மேலே இருக்கை வைக்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

மணலில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். தண்ணீரோ அணையின் ஆழத்திலிருந்து வருவதால், விழுந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். மின்சாரத் தேவைக்கேற்ப அணையிலிருந்து தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதால், கடலில்லாத ஊரில் ஏற்ற இறக்கம் வேறு. மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் எங்கள் படகுகள் ஐந்தும் உலர்ந்த மணலில், கரையேறிய எருமைகள் போலக் கிடந்தன. சுமையோடு தள்ள முடியவில்லை. தண்ணீர் திரும்பி வரும்வரை உட்கார்ந்து சீட்டு விளையாடினோம்.

இந்த வழியில் முதன்முதலில் படகில் போய் எழுதிவைத்தவர் ஜான் வெஸ்லி பவல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869 மே 24 அன்று வயோமிங்கிலிருந்து 10 பேர், 4 படகு, பத்து மாதத்துக்கான உணவோடு புறப்பட்டார். உணவைப் படகுகளுக்குப் பிரித்து ஏற்றியிருந்தார். ஆனால் உயரம் அளக்கும் பாரமானிகள் முழுவதும் தவறுதலாக ஒரே படகில் போய்விட்டன. அந்தப் படகுதான் ஜூன் மாதம் பாறையில் மோதி உடைந்தது. சிதைந்து கிடந்த படகுக்குத் திரும்பிப் போய் எடுத்தபோது கரையில் ஒரே ஆரவாரம். பாரமானி கிடைத்ததற்காக இல்லை. தலைவருக்குத் தெரியாமல் ஆட்கள் ஏற்றிவைத்திருந்த விஸ்கிப் பீப்பாயும் கிடைத்துவிட்டது. கிராண்ட் கேன்யனுக்குள் நுழைந்த சில நாளில் அவர்களிடம் மிஞ்சியது பூசணம் பிடித்த மாவும், காய்ந்த ஆப்பிளும், காப்பியும். ஆகஸ்ட் 29 அன்று வெளியே வந்தவர்கள் 6 பேர். ஒருவர் வழியில் முன்பே விலகிவிட்டார். வெளியே வருவதற்கு முந்தின நாள் மூன்று பேர் இனித் தாங்காது என்று மலையேறிப் போனார்கள், திரும்பவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நான் மூட்டை கட்டினேன். அரிசியை மூன்று படகில் வைத்தேன். பருப்பை இரண்டில். உப்பு, புளி, மிளகாய்த் தூள், பெருங்காயம் நான்கையும், சமைக்கும்போது தேட வேண்டாமே என்று, ஒரே பெட்டியில் வைத்தேன்.

98ஆவது மைலில் கிரிஸ்டல் என்ற இடம். 1966 டிசம்பரில் பக்கவாட்டு ஓடையின் வெள்ளம் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து ஆற்றை நெருக்கியது. அதற்குமுன் அது பெரிய ஆபத்தாகப் பேசப்பட்ட இடம் அல்ல. அங்கே எங்கள் மூன்றாவது படகு கவிழ்ந்தது. ஆட்கள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து கரை சேர்ந்தார்கள். கட்டிய பெட்டி ஒன்றுகூட அவிழவில்லை. ஆனால் என் பெட்டியின் ரப்பர் விளிம்பில் மணல் ஒட்டியிருந்திருக்கிறது. மாலையில் திறந்தபோது உள்ளே கொலராடோ ஆற்றில் கரைத்த ரசம்.

நல்லவேளை, ஒருவர் தன் பைக்குள் எலுமிச்சை ஊறுகாய் ஒளித்து வைத்திருந்தார். மீதி ஒன்பது நாளும் அதுவே உப்பு, அதுவே புளிப்பு, அதுவே காரம். தலைக்கு அரைக் கரண்டி. பரிமாறும் அதிகாரம் என்னிடமிருந்து பறிக்கப்பட்டது.

சில ஆண்டுகள் கழித்து மறுபடி குலுக்கலில் பெயர் விழுந்தது. ஐந்து படகு, ஐந்து பொட்டலம் உப்பு. ஒரு படகுகூடக் கவிழவில்லை. நான்கு பொட்டலம் பிரிக்காமலே வீடு திரும்பியது. என் மனைவி அதை இன்னும் தீர்த்தபாடில்லை.