இல்லாத லிஃப்டுக்கு பல்ப் மாற்றியவர்கள்

வணக்கம் மக்களே. கையில் வழக்கமான டீ இல்லை, ஃபில்டர் காபி. கொண்டாட்டம் என்று புரிந்துகொள்ளுங்கள். இதோ இந்தத் தாளைப் பாருங்கள், முகவரியை மட்டும் விரலால் மறைத்துக்கொள்கிறேன். கடைசி வரி தெரிகிறதா? 19.50 பவுண்டு. என் கணக்கில் திரும்ப வரவு வைத்திருக்கிறார்கள்.

பத்தொன்பதரை பவுண்டுக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று காலையிலிருந்து இவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நாலு மாதம் கடிதம் எழுதியது நான்தானே.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கியிருப்பது லீஸ்ஹோல்ட் ஃப்ளாட். "வீடு வாங்கிவிட்டு ஏன் இன்னும் யாருக்கோ பணம் கட்டுகிறீர்கள்" என்று ஊரிலிருந்து மாமா போனில் கேட்டுக்கொண்டே இருப்பார். கோயில் அடிமனையில் வீடு கட்டியவர்களிடம் கேளுங்கள் மாமா, உடனே புரியும். மனை ஒருவருடையது, குடியிருப்பது நாம். இங்கே இன்னும் ஒரு படி மேலே போய், கட்டடமும் மனைக்காரருடையதுதான், அவரை ஃப்ரீஹோல்டர் என்பார்கள். நமக்கு இருப்பது இத்தனை வருஷத்துக்கு என்று எழுதிய லீஸ். 2022 ஜூன் 30 முதல் போட்ட புது லீஸ்களுக்கு கிரவுண்ட் ரெண்ட், அதாவது மனை வாடகை, அநேகமாகக் கிடையாது. எங்களுடையது பழசு, அதனால் அதையும் கட்டுகிறோம். அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ், கட்டடத்தின் பொதுச் செலவில் நம் பங்கு.

சரி, பல்ப். எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு, மாடிப்படியில் ஐந்து விளக்கு. இரண்டாம் மாடி விளக்கு போன தீபாவளிக்கு முன்பிருந்தே எரியவில்லை. தேங்காய்ப் பையோடு நான் படியில் உட்கார்ந்த வீடியோ நினைவிருக்கிறதா? அதே விளக்குதான். அப்படியிருக்க வருஷக் கணக்கில் ஒரு வரி வந்தது: பொது மின் பழுது, 312 பவுண்டு. ஐந்து விளக்கு, அதில் ஒன்று எரியாத விளக்கு, அதற்கு 312 பவுண்டா? பல்ப் கடையில் இரண்டு மூன்று பவுண்டுதான். ஏணி வைத்தே மாற்றட்டும், கையுறை போட்டே மாற்றட்டும், 312 வருமா?

மேல் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், இருபது வருஷமாக லீஸ்ஹோல்டர். அவர்தான் வழி சொன்னார். 1985ஆம் வருஷத்து சட்டம் ஒன்று இருக்கிறது. சர்வீஸ் சார்ஜ் நியாயமான செலவாக இருக்க வேண்டும் என்பது அதில் 19ஆம் பிரிவு. 21ஆம் பிரிவில் செலவுச் சுருக்கம் கேட்கலாம். அது கையில் கிடைத்து ஆறு மாதத்துக்குள் 22ஆம் பிரிவில் ரசீதுகளையே பார்க்கக் கேட்கலாம். பார்ப்பதற்குக் காசு வாங்கக் கூடாது. நகல் எடுத்தால் மட்டும் நியாயமான கட்டணம். காரணமில்லாமல் காட்ட மறுத்தால் அது குற்றம், அபராதம் உண்டு.

ஃப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜிங் ஏஜெண்ட் ஆபீஸுக்கு ரயிலேறிப் போனேன். டிக்கெட் 11.40. அதைச் சொல்லாதே, லாபம் குறைந்துவிடும் என்கிறார் இவர். ஜன்னல் இல்லாத அறை, ஒரு பெட்டி ஃபைல். தண்ணீர் கூடக் கொடுக்கவில்லை, அது வேறு விஷயம். நாலு எலக்ட்ரீஷியன் பில் இருந்தது. ஒவ்வொன்றும் 65 பவுண்டு, வாட் வரி சேர்த்து 78. முதல் இரண்டு எங்கள் வாசல் விளக்கு. சரி, போகட்டும். மூன்றாவதைப் படித்தேன். "லிஃப்ட் முன்கூடத்தில் விளக்கு மாற்றியது." நாலாவதும் அதேதான்.

மக்களே, எங்கள் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது.

அரிசி மூட்டையை நான் எத்தனை வீடியோவில் படியேறித் தூக்கியிருக்கிறேன்! வேறு ஏதோ கட்டடத்து பில் எங்கள் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "எங்கட கட்டடத்தில லிஃப்ட் எங்க பிள்ளை கிடக்கு? காட்டு, நான் ஏறுறன். முழங்கால் நோகுது." நான் சிரித்து முடிக்கவே பத்து நிமிஷம் ஆனது.

இரண்டு பில் 156 பவுண்டு, எட்டாகப் பிரித்தால் 19.50. எட்டு வீட்டுக்கும் திரும்ப வந்துவிட்டது. கீழ் வீட்டுக்காரர் இதுவரை என்னைப் பார்த்துத் தலையாட்டியதுகூட இல்லை, இன்றைக்கு பிஸ்கட் டப்பா கொடுத்தார்.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் பணத்தை நிறுத்தி வைக்கவில்லை. "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று எழுதிக் கட்டினேன். பாக்கி 350 பவுண்டைத் தாண்டினாலோ, மூன்று வருஷத்துக்கு மேல் நின்றாலோ, லீஸையே பறிக்க வழக்குப் போடும் வழி திறந்துவிடும். மார்ட்கேஜ் கொடுத்த வங்கிக்குக் கடிதம் போகும், வங்கி கட்டிவிட்டு நம் கடனில் சேர்த்துவிடும். கட்டிவிட்டதாலேயே ஒப்புக்கொண்டதாகவும் ஆகாது, பிறகும் இந்தத் தகராறுகளைத் தீர்க்கும் டிரிப்யூனலுக்கு, அதாவது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கோபத்தில் கட்டாமல் விடாதீர்கள்.

அப்புறம் இதே ஏஜெண்ட் கேட்ட இன்னொரு 90 பவுண்டு. ஒரு தவணை ஆறு நாள் தாமதமானதற்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பிய கட்டணமாம். ஒரே தாள், அதிலும் என் பெயரில் எழுத்துப் பிழை! இப்படிக் கட்டணம் கேட்டால், நம் உரிமைகளைச் சொல்லும் தாள் ஒன்றையும் கூடவே வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வைக்கும்வரை கட்ட வேண்டியதில்லை. இவர்கள் வைக்கவில்லை. அந்தத் தாளோடு மறுபடி அனுப்பியிருக்கலாம், ஆனால் ரத்து செய்துவிட்டார்கள். தொகை பெரியதுதான், ஆனாலும் லிஃப்ட் பில்லில் கிடைத்த சந்தோஷம் இதில் இல்லை.

வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதிக் கட்டணம் என்று நூற்றுக்கணக்கில் கேட்டால் முதலில் லீஸைப் படியுங்கள், அனுமதி வாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா என்று. 2012இல் ஒரு வழக்கில் மேல் தீர்ப்பாயம் அந்தக் கட்டணத்துக்கு 40 பவுண்டும் வாட்டும் போதும் என்றது. இலவசமாக யோசனை கேட்க லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இருக்கிறது, அரசுப் பணத்தில் நடப்பது.

அடுத்து இன்சூரன்ஸ். கட்டட இன்சூரன்ஸில் யாருக்கு எவ்வளவு கமிஷன் போகிறது என்று கேட்டு நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். 2024 மே மாதம் வந்த புதுச் சட்டத்தில் இந்தக் கமிஷனுக்குக் கடிவாளம் இருக்கிறது, ஆனால் அந்தச் சட்டத்தில் அமலுக்கு வராத பகுதிகள்தான் நிறைய. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

காபி ஆறிவிட்டது. மைக்ரோவேவில் வைக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். குப்பை வேறு கீழே கொண்டுபோக வேண்டும். இரண்டாம் மாடி விளக்கு இன்னும் எரியவில்லை, டார்ச்சை எங்கே வைத்தேன்...