கோதுமை வயலில் வீடு கட்டினால் இயற்கை எப்படிக் கூடும்?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. இங்கிலாந்தில் இருக்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோதுமை வயலில் குடியிருப்பு வரப்போகிறதாம். திட்டத் தாளில், 'இதனால் பல்லுயிர் வளம் 10 சதவீதம் கூடும்' என்று போட்டிருக்கிறதாம். "வயலை மூடி வீடு கட்டினால் இயற்கை எப்படி அண்ணா கூடும்? கண்கட்டு வித்தையா?" என்று கேட்கிறார். அருமையான கேள்வி.

முதலில் சட்டம். 2021ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த விதி இது. பெரிய கட்டுமானங்களுக்கு 2024 பிப்ரவரி 12 முதலும், சிறியவற்றுக்கு அதே ஆண்டு ஏப்ரல் 2 முதலும் கட்டாயமாக்கினார்கள். கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் இருந்த வாழிடத்தின் மதிப்பைவிட, கட்டிய பின் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். அதை 30 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். இருக்கிற வீட்டில் ஓர் அறையை நீட்டிக் கட்டுபவருக்கு இது கிடையாது.

மதிப்பை யார் போடுகிறார்கள்? அரசே ஒரு கணக்கு முறை கொடுத்திருக்கிறது. நிலத்தின் பரப்பு, அந்த வாழிடம் எவ்வளவு அரிது, எந்த நிலையில் இருக்கிறது, எந்த இடத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் பெருக்கினால் யூனிட் வரும். கோதுமை வயலுக்கு ஒரு ஹெக்டேருக்குச் சாதாரணமாக 2 யூனிட்தான். உழுது, மருந்தடித்து, ஒரே பயிர் வைத்த நிலம் அது. பச்சையாக இருக்கும், ஆனால் உயிர் குறைவு. நல்ல நிலையில் இருக்கும் பழைய பூப்புல்வெளிக்கு, அதாவது காட்டுப்பூக்கள் நிறைந்த புல்வெளிக்கு, அதே ஒரு ஹெக்டேரில் சாதாரணமாக 24 யூனிட் வரும். தங்கையின் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. தொடங்கும் புள்ளியே தாழ்வாக இருந்தால் கூட்டிக் காட்டுவது அவ்வளவு கடினமில்லை.

சரி, ஒரு கணக்குப் போடுவோம். 5 ஹெக்டேர் வயல், 10 யூனிட். பில்டர் 11 காட்ட வேண்டும். 3 ஹெக்டேரில் வீடும் சாலையும், அதற்குப் பூஜ்யம். 1 ஹெக்டேர் வீட்டுத் தோட்டங்கள், 2 யூனிட். மீதி 1 ஹெக்டேரைப் பூப்புல்வெளியாக்கி ஓரளவு நல்ல நிலைக்குக் கொண்டுவந்தால் 8 யூனிட். மொத்தம் 10. ஆனால் அந்த 8 அப்படியே கிடைக்காது. புல்வெளி உருவாக ஆண்டுகள் ஆகும், தோற்றும் போகலாம். அதற்கெல்லாம் யூனிட்டைக் குறைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆக, பற்றாக்குறை. அதை வேறோர் இடத்தில், ஒரு விவசாயியோ அமைப்போ உருவாக்கும் வாழிடத்திலிருந்து விலைக்கு வாங்கி நிரப்ப வேண்டும். ரொம்பத் தள்ளிப் போய் வாங்கினால் யூனிட்டின் மதிப்பு பாதியாகிவிடும். அதுவும் கிடைக்காவிட்டால் அரசிடம் 'கிரெடிட்' வாங்கலாம்; கடன் இல்லை, குறையும் யூனிட்டுக்கு ஈடாக அரசே விற்பது. இந்த விதி நடைமுறைக்கு வந்தபோது ஒரு கிரெடிட்டின் மிகக் குறைந்த விலையே 42,000 பவுண்டு, ஒரு யூனிட்டுக்கு இரண்டு கிரெடிட் வேண்டும். யாரும் அந்தப் பக்கம் எளிதில் போகக்கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

உயிர்வேலிக்குத் தனிக் கணக்கு, ஓடைக்குத் தனிக் கணக்கு. வேலியை வெட்டிவிட்டுப் புல்வெளியைக் காட்டி ஈடுகட்ட முடியாது. நூற்றாண்டுகளாக நிற்கும் பழங்காடு போன்றவை இந்தக் கணக்குக்குள்ளேயே வராது, அவற்றை ஈடுசெய்ய முடியாதவை என்று ஒதுக்கிவிட்டார்கள். அது நல்ல முடிவு. அப்புறம், சுவரில் பறவைக் கூடு வைக்கும் செங்கல் பதித்தால் யூனிட் கூடுமா என்று போன முறை ஒருவர் கேட்டார். கூடாது. வாழிடத்தைத்தான் அளக்கிறார்கள், உயிரினங்களை எண்ணுவதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

ஆகவே கண்கட்டு வித்தை இல்லை தங்கை, கணக்குதான். ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இன்னொன்று. அந்த 10 சதவீதத்தை விடுங்கள், அந்த 30 ஆண்டை யார் பார்ப்பார்கள்?

பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு இது என் பழைய பல்லவி என்று தெரியும். வாழிடத்தை உருவாக்குவது ஒரு நாள் வேலை, வைத்துக்கொள்வதுதான் வேலை. புல்வெளியையே எடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களிலிருந்து 1980களுக்குள் பூப்புல்வெளிகளில் ஏறத்தாழ 97 சதவீதம் போய்விட்டது. திரும்ப உண்டாக்க விதை தூவினால் போதும் என்று நினைக்கிறார்கள். உரம் போட்டுப் போட்டுக் கொழுத்த வயல்மண்ணில் முரட்டுப் புல்தான் முதலில் எழும், பூச்செடிகளை அமுக்கிவிடும். அதனால் கோடை முடிவில் அறுத்து, அறுத்ததை அங்கேயே போடாமல் வாரி வெளியே கொண்டுபோக வேண்டும். அப்படிச் செய்தால்தான் வருடாவருடம் மண் இளைக்கும். 'யெல்லோ ராட்டில்' என்று ஒரு சின்னச் செடி, மஞ்சள் பூ, காய்ந்தால் விதை உள்ளே கலகலக்கும். அது புல்லின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சி, புல்லை அடக்கி, மற்றப் பூக்களுக்கு இடம் விடும். ஒட்டுண்ணியை வேண்டுமென்றே விதைக்கிறார்கள்! ஆனால் அது ஒரே ஆண்டு வாழும் செடி. விதை விழுவதற்கு முன் அறுத்துவிட்டால் அடுத்த ஆண்டு பெரும்பாலும் இருக்காது.

என் நண்பர் ஒருவர் இப்படி ஒரு புதுக் குடியிருப்பில் இருக்கிறார். 'இது காட்டுப்பூ வெளி' என்று அழகான பலகை. ஜூன் மாதம் பூ பூத்து நிற்கும்போது ஓர் ஆள் இயந்திரத்தோடு வந்து மொட்டையடித்துவிட்டுப் போனாராம். குடியிருப்பவர்களில் சிலர் 'புதர் மண்டிக் கிடக்கிறது' என்று புகார் செய்திருக்கிறார்கள். யாருமே கெட்டவர்கள் இல்லை. வெட்டியவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். திட்டத் தாளில் அந்தப் புல்வெளி இன்னும் அப்படியே செழித்துக்கொண்டிருக்கும்.

சட்டத்தில் எனக்கு நெருடும் இடமும் இதுதான். வேறு இடத்தில் வாங்கிய யூனிட்டுகளுக்குப் பொதுப் பதிவேடு உண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குடியிருப்புக்குள்ளேயே செய்வதாகச் சொன்னவை அந்தப் பதிவேட்டில் வராது. அவற்றைக் கவனிப்பது உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பு. ஆனால் பல கவுன்சில்களில் சூழலியல் அலுவலர் ஒருவர் இருந்தாலே பெரிது. கண் முன்னால் இருப்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

அதனால் தங்கை, எதிர்ப்பதானாலும் ஆதரிப்பதானாலும் கவுன்சிலின் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். வாழிடப் பராமரிப்பு, கண்காணிப்புத் திட்டம் என்று தனித் தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்தெந்த ஆண்டில் யார் வந்து அளந்து அறிக்கை தருவார், பணம் எங்கிருந்து வரும், இந்த இரண்டையும் அதில் தேடுங்கள். தெளிவாக இல்லாவிட்டால் அனுமதி கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். பல புதுக் குடியிருப்புகளில் பொதுவெளியைப் பராமரிப்பது ஒரு நிர்வாக நிறுவனம்; அதற்குக் காசு கொடுப்பது ஆண்டுக் கட்டணம் கட்டும் குடியிருப்பவர்கள்தான். 'புதர்' என்று புகார் செய்யப்போகிறவர்களும் அவர்களே. வீடு விற்கும்போதே இதை அவர்களிடம் சொல்கிறார்களா என்றும் ஒரு வரி கேட்டுவிடுங்கள். பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

சரி, அடுத்த கேள்வி.