‘இங்கே’ என்ற ஒரு சொல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

நகர மையத்தின் நினைவைக் காப்பது நெடிதுயர்ந்த சிலையா, சுவரில் பதித்த சிறு பலகையா என்பது இன்றைய வழக்கு. பலகைதான் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய தோழி, “சிலை தூரத்திலிருந்தே அழைக்கிறது, எழுத்தறியாதவரும் அண்ணாந்து பார்க்கிறார், பலகையை யார் நின்று படிக்கிறார்கள்?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். ஒப்புக்கொள்கிறேன், சிலை அழைக்கிறது. அழைப்பை ஏற்று அருகே போனவர் என்ன செய்கிறார்? குதிரை தெரிகிறது, வாள் தெரிகிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. உடனே குனிந்து பீடத்தில் எழுத்து இருக்கிறதா என்று தேடுகிறார். அவர் தேடுவது எங்கள் கட்சியை, நடுவர் அவர்களே!

நடுகல் நட்டுப் பெயரும் பீடும் எழுதிய மொழியில் நின்று பேசுகிறேன். என் வாதம் முழுவதும் ஒரு சொல்லுக்குள் இருக்கிறது: இங்கே. சிலையை எந்தச் சந்திப்பிலும் நிறுத்தலாம், சாலையை அகலப்படுத்தினால் பெயர்த்துப் போய் வேறிடத்தில் வைக்கலாம். பலகைக்கு நடந்த இடத்தில்தான் வேலை. லண்டன் புரூக் தெருவில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள். 25ஆம் எண் வீட்டில் இசை மேதை ஹாண்டல் 1723இல் குடியேறி 1759இல் இறக்கும்வரை வாழ்ந்தார். 23ஆம் எண் வீட்டின் மாடியில் 1968-69இல் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தங்கியிருந்தார். காலத்தால் இருநூறு ஆண்டு இடைவெளி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். வட்டமான இரண்டு நீலப் பலகைகள் அந்தத் தெருவில் போகிறவருக்கு இதைச் சொல்லிவிடுகின்றன. இருவருக்கும் ஆளுக்கொரு சதுக்கத்தில் சிலை வைத்திருந்தால் இந்த அண்டை வீட்டு உறவு யார் கண்ணில் பட்டிருக்கும்? 1866இல் பிறந்த இந்த நீலப் பலகைத் திட்டத்தில் இன்று ஒரு விதி உண்டு. ஒருவர் இறந்து 20 ஆண்டு கழிந்த பிறகுதான் அவர் பெயரைப் பலகைக்குப் பரிசீலிப்பார்கள். மாலையும் முழக்கமும் ஓய்ந்த பிறகும் அவர் நினைக்கப்படுகிறாரா என்று பொறுத்திருந்து பார்க்கும் விதி அது. நான் மிகவும் மதிப்பது அந்தப் பொறுமையைத்தான்.

இன்னும் சிறிய பலகைக்கு வருகிறேன். ஜெர்மானியக் கலைஞர் குன்டர் டெம்னிக் 1990களில் தொடங்கிய பணி இது. உள்ளங்கை அகலம், பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு. நாஜிகள் இழுத்துப்போனவர் கடைசியாகத் தம் விருப்பப்படி வாழ்ந்த வீட்டின் வாசலில், நடைபாதைக் கற்களோடு ஒரு கல்லாக அது பதிந்திருக்கும். பெரும்பாலும் முதல் வரி, ‘இங்கே வாழ்ந்தார்’. அதன் கீழே பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, முடிவு. எழுத்து சிறிது; படிக்க வேண்டுமானால் தலை குனிய வேண்டும். 2023இல் இவை ஒரு லட்சத்தைத் தொட்டன. பித்தளை மங்கும்போது அக்கம்பக்கத்தார் முழங்காலிட்டுத் துணியால் தேய்த்துத் துலக்குகிறார்கள். லட்சம் பேருக்கு லட்சம் சிலை வைக்க எந்த நாட்டால் முடியும்? அந்தத் தெருவில் குடியிருந்த சாதாரணத் தையல்காரரையும் பள்ளிக் குழந்தையையும் எந்தப் பீடம் ஏற்றுக்கொள்ளும்?

“பெயர் மிதிபடுமே” என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயமான வருத்தம். மியூனிக் நகரம் அதை எண்ணித்தான் பொது நடைபாதையில் இவற்றை அனுமதிக்கவில்லை. பதிலுக்கு அந்நகரம் கண்ட வழி என்ன? வீட்டுச் சுவரிலும் வாசல் முன்னே நட்ட கம்பத்திலும் பெயர்த்தகடு. அங்கேயும் பலகைதான்.

பலகை பொய் சொல்லாதா? சொல்லும். 1666இல் லண்டனை எரித்த பெருந்தீ ஒரு ரொட்டிக் கடையில் தொடங்கியது. அதன் நினைவாக எழுந்த 202 அடித் தூணில், கத்தோலிக்கர் மீது பழி சுமத்தும் வாசகத்தை 1681இல் வெட்டி வைத்தார்கள். கொடுமையான பொய். 1830இல் அந்த வரியைச் செதுக்கி அகற்றினார்கள்; தூண் இன்றும் நிற்கிறது. பலகையில் பிழை நேர்ந்தால் உளியே போதும்.

சிலையில் பிழை நேர்ந்தால்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மையத்துக்கு வாருங்கள். எட்வர்ட் கோல்ஸ்டன் அடிமை வணிக நிறுவனமொன்றில் உயர்பொறுப்பு வகித்தவர். அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து, 1895இல், நற்பண்பும் ஞானமும் மிக்க நகரின் மைந்தர் என்று எழுதி வெண்கலச் சிலை வைத்தார்கள். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியோடு கிடந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நகர மக்கள் பல்லாண்டு காலம் மன்றாடினார்கள். சிலையை எடுத்தே தீர வேண்டும் என்றுகூடப் பலர் கேட்கவில்லை; உண்மையைச் சொல்லும் இன்னொரு பலகையைப் பக்கத்தில் வையுங்கள் என்று கேட்டார்கள். வாசகம் எழுதினார்கள், திருத்தினார்கள், காரத்தைக் குறைத்தார்கள், சச்சரவு முற்றியது, 2019இல் அந்த முயற்சி நின்றுபோனது. 2020 ஜூன் 7 அன்று கயிறு கட்டி இழுத்துச் சிலையைச் சாய்த்து, உருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள்.

சில வரிகள்தான் கேட்டார்கள், நடுவர் அவர்களே. அந்த வெண்கலம் இப்போது அருங்காட்சியகத்தில் பெயின்ட் கறையோடு மல்லாந்து கிடக்கிறது. அன்று மறுத்த விளக்கத்தை இன்று அதன் அருகிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.